அழித்தால் அழிந்துவிடுமா?

மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல் துறை

எழுதுவது கடினம், அழிப்பது எளிது என்று நாம் அனைவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்த நாள் தொட்டு நமக்கு ஏற்பட்டுவிட்ட எண்ணம் இது. கரும்பலகையை ஆசிரியர் துடைத்துவிட்டால் அதிலிருந்த கணக்கு போயே போய்விட்டது. அதை மீண்டும் காண வேண்டுமானால் பக்கத்து மாணவனின் நோட்டைத்தான் கேட்க வேண்டும். கணிப்பொறியிலும் அழித்தல் என்பது இவ்வாறே நடக்கிறது என்று சென்ற கோடை விடுமுறை வரையில் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரே மாலைப் பொழுதில் இரண்டு முறை பொய்த்துப்போனது. முதல் முறை அதனால் மகிழ்ந்தேன். இரண்டாம் முறை வெட்கப்பட்டேன். அந்த அனுபவத்தின் வாயிலாக, பெரிய தரவுச் சேமிப்பகங்களில் ஒன்றை அழிப்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களைப் படமெடுத்துப் பாதுகாக்கும் பணியைத் தமிழ்த் துறையும் எங்கள் துறையும் சேர்ந்து மேற்கொண்டதைப் பலரும் அறிவீர்கள். நூலகத்தின் மூலை அலமாரியில் இருந்த மலர்களில் சில கரையான் தின்றவை. சில தொட்டாலே அப்பளம்போல் நொறுங்குபவை. பதினான்காம் மலரைப் படமெடுக்க விரித்தபோது அதன் பாதிப் பக்கங்கள் எங்கள் கையிலேயே உதிர்ந்துவிட்டன. எனவே எங்களிடம் எஞ்சியது எடுத்த படங்கள் மட்டுமே. அவற்றை ஓர் இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

பொருளும் அதன் பெயரும்

நாங்கள் பயன்படுத்தியது அமேசான் நிறுவனத்தின் எஸ்-3 என்னும் சேமிப்பகம். 2006ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் இது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் வந்த பல சேமிப்பகங்கள் இதன் நடைமுறையையே பின்பற்றியுள்ளன. ஆகவே இதனை அறிந்துகொண்டால் பிறவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

இச்சேமிப்பகத்தில் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, சேமிக்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்' ஆகும். அது படமாக இருக்கலாம், ஒலிப்பதிவாக இருக்கலாம், வெறும் எழுத்தாகவும் இருக்கலாம். இரண்டாவது, பொருள்களைப் போட்டுவைக்கும் கொள்கலத்துக்குப் 'பக்கெட்' என்று பெயர். நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே பக்கெட்தான்; பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை போலும்! மூன்றாவது, ஒவ்வொரு பொருளுக்கும் அந்தப் பக்கெட்டுக்குள் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும்.

இந்தச் சேமிப்பகத்தோடு நாம் நேரடியாகப் பேசுவதில்லை. நாம் எழுதும் நிரல் பேசுகிறது. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் இன்ன வேலையைச் செய் என்று சொல்வதற்கு முறைப்படி அமைக்கப்பட்ட வாசலே ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகம். வங்கியில் பணம் போடுவதற்கு ஒரு சலான், எடுப்பதற்கு ஒரு சலான் என்று இருப்பதுபோல, இங்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் உண்டு. பொருளை வைக்க 'புட்', பெற 'கெட்', நீக்க 'டிலீட்'. இவை எஸ்-3க்கு மட்டுமே உரியவை அல்ல. இணையம் முழுவதும் பேசும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையின் சொற்களே இவை.

'டிலீட்' என்ற சொல்லுக்கு அந்நெறிமுறையின் ஆவணமே தரும் விளக்கம் சுவையானது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அதன் திருத்திய வடிவம், இந்தக் கட்டளையால் ஒரு பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு நீக்கப்படுகிறது என்றும், உள்ளே இருந்த செய்தியே அழிந்துவிடும் என்று இதனால் எதிர்பார்க்கலாகாது என்றும் தெளிவுபடுத்துகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை நீக்கும் கட்டளையை அது ஒப்புமை காட்டுகிறது. யூனிக்ஸிலும் கோப்பை நீக்குவது என்பது அதன் பெயர்த் தொடர்பை அறுப்பதுதான். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருந்து ஒன்றை நீக்கினால், மற்றொரு பெயரில் கோப்பு அப்படியே இருக்கும்.

நம் நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பெயரட்டைப் பெட்டியிலிருந்து ஒரு நூலின் அட்டையை எடுத்துவிட்டால், கேட்பவர்களிடம் 'அப்படி ஒரு நூல் இல்லை' என்றுதான் நூலகர் சொல்வார். ஆனால் நூல் அலமாரியில் இருக்கும். அட்டையை எடுப்பது ஒரு வேலை. அலமாரியிலிருந்து நூலை அகற்றுவது வேறு வேலை. இந்த வேறுபாட்டை நான் பாடமாகப் படித்திருந்தேன், ஆனால் உணர்ந்திருக்கவில்லை.

'வெற்றி' என்ற விடை

முதல் மலரின் 112 பக்கங்களும் மங்கலாக விழுந்திருந்தன. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சோதனைக்காக முதலில் ஒரே ஒரு பக்கத்தை நீக்கிப் பார்த்தேன். 'மலர்-1/பக்கம்-7' என்று பெயரிட்டு நீக்கும் கட்டளையை அனுப்பினேன். உடனே 204 என்ற எண் விடையாக வந்தது. வேலை முடிந்தது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லை என்பது அந்த எண்ணின் பொருள். மகிழ்ச்சியோடு பட்டியலைத் திறந்தேன். ஏழாம் பக்கம் அசையாமல் அங்கேயே இருந்தது!

மீண்டும் அனுப்பினேன். மீண்டும் 204. பக்கம் மட்டும் போகவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் காரணம் புலப்பட்டது. அந்தப் பொருளின் உண்மையான பெயர் 'பக்கம்-007'. நான் இரண்டு பூச்சியங்களை விட்டுவிட்டேன். இல்லாத ஒரு பொருளை நீக்கச் சொன்னேன். சேமிப்பகம் 'நீக்கியாயிற்று' என்று விடை தந்தது.

இது பொய்யல்லவா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சிந்தித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒரு சங்கத்துக்கு, 'என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்' என்று கடிதம் எழுதுகிறீர்கள். அவர்கள் நீக்கிவிட்டு எழுதிய பதில் வழியில் தொலைந்துவிடுகிறது. பதில் வரவில்லையே என்று நீங்கள் மறுபடியும் எழுதுகிறீர்கள். இரண்டாம் கடிதத்துக்கு அவர்கள் என்ன பதில் எழுத வேண்டும்? 'அப்படி ஒரு பெயரே இங்கு இல்லை, இது பிழை' என்று எழுதினால் நீங்கள் குழம்புவீர்கள். 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, கவலை வேண்டா' என்று எழுதுவதே பொருத்தம். ஒரு முறை செய்தாலும் பத்து முறை செய்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது நீக்கும் கட்டளையின் இலக்கணம். இணைப்பு அறுந்து அறுந்து வரும் இணையத்தில், பதில் வராத கட்டளையை அஞ்சாமல் திரும்ப அனுப்புவதற்கு இந்த இலக்கணமே துணை.

ஆகவே 204 என்ற விடைக்கு 'நீ சொன்ன பொருளை நீக்கினேன்' என்று பொருள் கொள்ளக்கூடாது. 'நீ சொன்ன பெயரில் கேட்டால் இனி எதுவும் கிடைக்காது' என்பதே அதன் பொருள். என் பிழையை அது காட்டிக்கொடுக்காது. இந்தச் சிறு வேறுபாட்டை அறிந்துகொண்டு நான் நிதானம் அடைந்திருக்க வேண்டும். மாறாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இந்தத் தொல்லை என்று எரிச்சலடைந்து, மொத்தமாக நீக்கப் புறப்பட்டேன்.

ஒரு சாய்கோட்டின் விலை

எஸ்-3இல் ஒரே கட்டளையில் ஆயிரம் பொருள்கள் வரையில் நீக்க வழி உண்டு. நீக்க வேண்டியவற்றின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி அனுப்பினால், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே 'நீங்கியது' அல்லது 'பிழை' என்று விடை வரும். ஆயிரத்துக்கு மேற்பட்டால் அடுத்த கட்டளையாக அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதற்கு, 'இன்ன எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை எல்லாம் கொடு' என்று சேமிப்பகத்தையே கேட்கலாம்.

நான் 'மலர்-1' என்று தொடங்கும் பெயர்களைக் கேட்டு, வந்தவற்றை எல்லாம் நீக்கும்படி பத்து வரி நிரல் ஒன்றை எழுதி ஓட்டினேன். இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடிந்து, நீக்கியவற்றின் எண்ணிக்கை திரையில் தோன்றியது: 1,346.

முதல் மலரில் இருந்தவை 112 பக்கங்கள் மட்டுமே என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். நம் கணிப்பொறியில் கோப்புகளை உறைகளுக்குள் வைக்கிறோம். சேமிப்பகத்தின் திரையிலும் 'மலர்-1', 'மலர்-2' என்று உறைகள் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் உண்மையில் அங்கே உறை என்று ஒன்று கிடையாது. 'மலர்-1/பக்கம்-007' என்பது முழுவதும் ஒரே நீண்ட பெயர். நடுவிலுள்ள சாய்கோடும் பெயரின் ஓர் எழுத்துதான். எனவே 'மலர்-1' என்று தொடங்குபவை எவை என்று கேட்டால், முதல் மலர் மட்டும் வராது. 'மலர்-10', 'மலர்-11' என்று 'மலர்-19' வரைக்கும் அனைத்தும் வரும். அவையும் அந்த எழுத்துகளில்தானே தொடங்குகின்றன! நான் 'மலர்-1/' என்று இறுதியில் ஒரு சாய்கோடு சேர்த்திருந்தால் 112 பொருள்களோடு நின்றிருக்கும். அந்த ஒரு கோட்டை விட்டதனால் பத்து ஆண்டுகளின் மலர்கள், 1,234 பக்கங்கள், கூடவே போயின. கையிலே உதிர்ந்துபோன பதினான்காம் மலரும் அவற்றுள் ஒன்று.

இச்சேமிப்பகத்தில் ஒரு பொருள் ஓராண்டில் தானாகத் தொலையாமல் இருக்கும் உறுதியை 99.999999999 சதவீதம் என்று வடிவமைத்திருப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. பதினொரு ஒன்பதுகள்! வட்டு பழுதானாலும், ஒரு கட்டடமே மின்சாரம் இழந்தாலும் பொருள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த உறுதி இயந்திரத்தின் பழுதுக்கு எதிரானது. அதிகாரம் பெற்ற ஒருவன் முறைப்படி கொடுக்கும் தவறான கட்டளைக்கு எதிராக அது எதுவும் செய்யாது. பணிவான வேலைக்காரன் வீட்டுக்காரர் சொன்னதைச் செய்வான். சொன்னது சரியா என்று கேட்கமாட்டான்.

அழிப்புக் குறி

பேராசிரியருக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, அழிச்சதுக்கு அப்புறம் வேற ஏதாவது கட்டளை கொடுத்தியா?"

"இல்லை சார்."

"அப்படியே விடு. எதையும் தொடாதே. நான் வர்றேன்."

அரைமணியில் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். வந்தவர் பதறவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீக்கப்பட்ட பக்கங்களுள் ஒன்றைக் கேட்டுக் கட்டளை அனுப்பினார். 404 என்று வந்தது. அப்படி ஒன்று இல்லை என்பது அதன் பொருள். ஆனால் விடையின் தலைப்பகுதியில் இருந்த ஒரு வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். இங்கே இருப்பது ஓர் அழிப்புக் குறி என்று அந்த வரி கூறியது. "பக்கம் போகலைப்பா. மேலே ஒரு திரை விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் பக்கெட்டை உருவாக்கிய அன்றே 'பதிப்பு வைத்தல்' என்னும் வசதியை இயக்கி வைத்திருந்தார். புதிதாக ஒரு பக்கெட்டை உருவாக்கும்போது இவ்வசதி தானாக இயங்குவதில்லை. நாம்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டால், பிறகு அதை நிறுத்திவைக்கலாமே தவிர, பக்கெட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியாது. இவ்வசதி இருக்கும் பக்கெட்டில் ஒரே பெயரில் மீண்டும் ஒன்றை ஏற்றினால், பழையது அழிவதில்லை. பழையது கீழே இருக்க, புதியது அதன் மேல் அமர்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் வழங்கப்படுகிறது. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் மேலே இருப்பது கிடைக்கும். பதிப்பு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் கீழே இருப்பதும் கிடைக்கும்.

இத்தகைய பக்கெட்டில், பெயரை மட்டும் சொல்லி நீக்கினால் என்ன ஆகும்? எதுவும் நீக்கப்படுவதில்லை. மாறாக ஒன்று சேர்க்கப்படுகிறது! உள்ளடக்கம் ஏதுமற்ற ஒரு சிறு குறி, அந்த அடுக்கின் உச்சியில் வைக்கப்படுகிறது. அதுவே அழிப்புக் குறி. அதற்கும் தனியே ஒரு பதிப்பு எண் உண்டு. யாராவது அந்தப் பெயரைக் கேட்டால், சேமிப்பகம் உச்சியில் உள்ள குறியைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிடுகிறது. பட்டியலிலும் அப்பெயரைக் காட்டுவதில்லை. நீக்குதல் என்ற பெயரில் நடந்தது உண்மையில் ஒரு சேர்த்தலே.

ஆகவே மீட்பதற்கு வழி, குறியையே நீக்குவது. அதாவது, அழிப்புக் குறியின் பதிப்பு எண்ணைச் சொல்லி நீக்கும் கட்டளை அனுப்பினால் குறி போய்விடும்; கீழிருந்த பக்கம் மறுபடியும் மேலே வந்துவிடும். அழித்ததை அழித்தால் மீண்டும் கிடைக்கிறது! இதைக் கேட்டதும் நான் உடனே நிரலை எழுதி ஓட்டினேன். அனுமதி இல்லை என்று மறுத்துவிட்டது.

பேராசிரியர் சிரித்தார். பெயரை மட்டும் சொல்லி நீக்கும் அதிகாரமும், பதிப்பு எண்ணைச் சொல்லி நீக்கும் அதிகாரமும் இச்சேமிப்பகத்தில் வேறு வேறானவை. முன்னதன் விளைவைத் திருத்திக்கொள்ளலாம். பின்னதன் விளைவைத் திருத்த முடியாது. எனவே மாணவர்களுக்கு முதல் அதிகாரத்தை மட்டும் கொடுத்து, இரண்டாவதைத் தம்மிடமே அவர் வைத்திருந்தார். என்னை நம்பாமையால் அல்ல, என் வயதில் தாமும் ஒரு முறை கைதவறியதுண்டு என்பதால் என்று சொன்னார்.

கூடுதலாக ஒன்று

அவருடைய அனுமதியில் வேலையைத் தொடங்கினோம். 'மலர்-1' என்று தொடங்கும் பெயர்களிலுள்ள எல்லாப் பதிப்புகளையும், எல்லா அழிப்புக் குறிகளையும் பட்டியலிட்டோம். நான் நீக்கியவை 1,346. ஆகவே 1,346 குறிகள் இருக்க வேண்டும். 'பக்கம்-7' என்ற தவறான பெயரில் விழுந்திருந்த இரண்டு குறிகளைக் கழித்தபின் பட்டியலில் இருந்தவை 1,347.

ஒன்று கூடுதல். எண்ணியதில் பிழை என்று நினைத்து மீண்டும் எண்ணினேன். அதே எண்ணிக்கை. நான், "எல்லாக் குறியையும் எடுத்துடலாம் சார், ஒண்ணு கூட இருந்தா என்ன?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. குறிகளை நேரப்படி வரிசைப்படுத்தச் சொன்னார். 1,346 குறிகள் அன்று மாலையில் தோன்றியவை. ஒன்று மட்டும் நான்கு மாதங்களுக்கு முந்தியது. பன்னிரண்டாம் மலரின் ஒரு பக்கம் அது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கத்தின் கதையை அப்போதுதான் அறிந்தேன். பல்லாண்டுகளுக்கு முன்பு நம் கல்லூரியில் படித்த ஓர் அம்மையார், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மாணவியாக இருந்தபோது மலரில் தாம் எழுதிய கட்டுரையில், தம் வீட்டில் நடந்த ஒரு துன்பத்தைப் பெயர்களோடு எழுதிவிட்டதாகவும், அதில் குறிப்பிடப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று நல்ல நிலையில் வாழ்வதாகவும், அப்பக்கம் இணையத்தில் ஏற வேண்டா என்றும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான வேண்டுகோள். அப்பக்கத்தை நீக்கிவிட்டு, 'தாங்கள் கேட்டபடி அழித்துவிட்டோம், கவலை வேண்டா' என்று துறையிலிருந்து பதிலும் போயிற்று.

ஆனால் அழிக்கவில்லை. பெயரை மட்டும் சொல்லி நீக்கியதால் மேலே ஒரு குறி விழுந்ததே தவிர, பக்கம் அப்படியே கீழே இருந்தது. எந்த வசதி எனக்கு 1,234 பக்கங்களைத் திருப்பித் தந்ததோ, அதே வசதி அந்த அம்மையாருக்குக் கொடுத்த சொல்லைப் பொய்யாக்கியிருந்தது. நான் சொன்னபடி எல்லாக் குறிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கம் அன்றிரவே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். எங்களுக்கும் அது தெரிந்திருக்காது.

"நான் அந்தம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கேன் தம்பி" என்று அவர் மெல்லச் சொன்னார். தெரிந்து சொன்ன பொய்யன்று அது. ஆயினும் அவர் அதைப் பொய் என்றே சொன்னார்.

உண்மையாக அழிப்பது

முதலில் மீட்பு வேலையை முடித்தோம். முதல் மலரின் 112 குறிகளையும், அந்தப் பழைய குறியையும் ஒதுக்கி, எஞ்சிய 1,234 குறிகளை இரண்டு கட்டளைகளில் நீக்கினோம். பத்து மலர்களும் திரும்பி வந்தன. பதினான்காம் மலரின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது.

பின்பு அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டோம். உண்மையாக அழிப்பதற்குப் பக்கத்தின் பதிப்பு எண்ணைச் சொல்லி நீக்க வேண்டும். இதில் வரிசையும் முக்கியம். குறியை முதலில் நீக்கினால், பக்கம் ஒரு கணமேனும் வெளியே தெரியும். ஆகவே முதலில் கீழே உள்ள பக்கத்தை நீக்கி, பிறகே மேலே உள்ள குறியை நீக்க வேண்டும். பதிப்பு எண்ணோடு நீக்கியதற்கு மீட்பு இல்லை. முதலில் பெயர்த் தொடர்பு அறுகிறது. அதன்பின் அந்த இடம் வேறு பொருள்களுக்கு விடப்படுகிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பருக்கு முன்பெல்லாம், நீக்கிய பிறகும் சிறிது நேரம் பழைய பொருளே விடையாக வரக்கூடிய நிலை இருந்தது. அம்மாதத்திலிருந்து, நீக்கம் முடிந்த மறுகணமே எங்கிருந்து கேட்டாலும் 'இல்லை' என்ற விடையே வரும்படி மாற்றியமைத்துவிட்டார்கள்.

இத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. ஒரு பக்கெட்டின் பொருள்களை வேறு ஊரிலுள்ள மற்றொரு பக்கெட்டுக்கும் தானாகப் படியெடுத்து வைக்கும் வசதி உண்டு. மூலத்தில் பதிப்பு எண்ணோடு நீக்கினால், அந்த நீக்கம் படிக்குச் செல்வதில்லை. தவறான அழிப்பிலிருந்து படியைக் காப்பதற்காக அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். எனவே அங்கும் தனியே போய் நீக்கினோம். ஆய்வகத்தின் வெளி வட்டு ஒன்றில் இருந்த படியையும் தேடி நீக்கினோம். நூலகத்திலுள்ள அச்சு மலரை என்ன செய்வது? அதை நாங்கள் தொடவில்லை. அது கல்லூரியின் வரலாறு; அலமாரியில் இருப்பதற்கும், உலகெங்கும் ஒரு சொடுக்கில் கிடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பேராசிரியர் மறுநாள் அந்த அம்மையாருக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். முதல் கடிதத்தில் எழுதியது அப்போது உண்மையாக இருக்கவில்லை என்பதையும், இப்போது எவையெவை அழிக்கப்பட்டன என்பதையும், அச்சுப் படி நூலகத்தில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதினார். அக்கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் நான்.

தம்மைப் பற்றிய செய்தியை அழிக்கும்படி கேட்பது இன்று வெறும் வேண்டுகோள் மட்டுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு அதனை உரிமையாக வகுத்துள்ளது. நம் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு இயற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை இடம் பெற்றுள்ளது. நாளை வேலைக்குச் செல்லும் நம்மில் பலர் இத்தகைய வேண்டுகோள்களுக்கு விடை எழுத வேண்டியிருக்கும். 204 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு 'அழித்துவிட்டோம்' என்று எழுதிவிடலாகாது.

கற்றுக்கொண்டவை

அன்றிரவு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தோம். ஒன்று, உச்சியில் இல்லாத பழைய பதிப்புகளை முப்பது நாள்களுக்குப் பிறகு சேமிப்பகமே தானாக நீக்கிவிடும்படி ஒரு விதியை அமைத்தோம். பழைய பதிப்புகளுக்கும் வாடகை உண்டு. ஆண்டுக்கணக்கில் அவை கிடந்தால் செலவும் ஏறும், கொடுத்த சொல்லும் தவறும். முப்பது நாள் என்பது என் போன்றவர்களின் கைத்தவற்றுக்குத் தரப்படும் தவணை. யாரேனும் அழிக்கக் கோரினால் அந்தத் தவணைக்குக் காத்திராமல் பதிப்பு எண்ணோடு உடனே நீக்குவது என்றும் முடிவு செய்தோம்.

இரண்டாவது, என் நிரலைத் திருத்தினேன். அது இப்போது எதையும் உடனே நீக்குவதில்லை. முதலில் எத்தனை பொருள்கள் நீங்கப்போகின்றன என்ற எண்ணிக்கையைக் காட்டுகிறது. அந்த எண்ணிக்கையை நான் கையால் தட்டச்சு செய்தால்தான் மேலே செல்கிறது. 112 என்று எதிர்பார்த்திருக்கும் ஒருவன் 1,346 என்று தட்டச்சு செய்யும்போதாவது விழித்துக்கொள்வான் அல்லவா?

இந்தப் பிழை மாணவர்களுக்கு மட்டுமே நேர்வது என்று எண்ண வேண்டா. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் வடக்கு வர்ஜினியாவில் இதே எஸ்-3 சேமிப்பகத்தைப் பராமரிக்கும் பொறியாளர் ஒருவர், சில கணிப்பொறிகளைச் சேவையிலிருந்து விலக்கும் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகக் கொடுத்துவிட்டார். நினைத்ததைவிட மிகுதியான கணிப்பொறிகள் விலகிவிட்டன. நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கே சேவை பாதிக்கப்பட்டு, அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் முடங்கின. அதன்பின் அந்நிறுவனம் தன் கருவியைத் திருத்தி, விலக்கும் வேலை மெதுவாக நடக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதபடியும் செய்ததாக வெளிப்படையாக அறிவித்தது. மனிதனைத் தண்டிப்பதைவிடக் கருவியைத் திருத்துவதே பயன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

நண்பர்களே, அழித்தல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று கண்ணிலிருந்து மறைப்பது. மற்றொன்று இல்லாமல் செய்வது. நம் கைத்தவற்றுக்கு அஞ்சும்போது முன்னது வேண்டும். பிறருக்குச் சொல் கொடுத்திருக்கும்போது பின்னது வேண்டும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்காது. அதைக் கட்டளையிடுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த அம்மையாரிடமிருந்து பதினைந்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாவது கடிதம் எழுதியதற்கு நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த அட்டை எங்கள் ஆய்வகச் சுவரில், கணிப்பொறிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை எதையேனும் நீக்கும் முன்பும் நான் ஒரு கணம் நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.